பின்பக்கமாக விழும்போது

ஜனவரி 3

புது வருட டைரி கொடுத்தார்கள். அட்டையில் இன்னும் பம்புசெட் படம்தான். நாங்கள் பிஸ்டல் செய்ய இறங்கி மூன்று வருடம் முடியப்போகிறது, ஆனாலும் முதலாளி தண்டபாணிக்கு அட்டையை மாற்ற மனசு வரவில்லை. "பம்புதானுங்களே நமக்குச் சோறு போட்டுது. பிஸ்டல் இன்னும் ஒரு வாய் போடலைங்க" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். வடிவமைப்புப் பிரிவுக்குத் தலைவன் நான் என்பதால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாவது மாதிரிக்கு இன்று பெயர் வைத்தோம். காரி. முதல் மாதிரிக்குப் பெயரே வைக்கவில்லை. வைக்காததே நல்லது. ராணுவத்தில் இப்போது இருக்கும் ஒன்பது மில்லிமீட்டர் பிஸ்டல் நம் தாத்தா காலத்து பெல்ஜியம் வடிவம். அதைக் கழற்றி அளந்து, மூலைகளைக் கொஞ்சம் சீவி, எங்களுடையது என்று கொண்டுபோய்க் காட்டினோம். பார்க்க வந்த அதிகாரி கையில் வாங்கியதும், "இது எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறதே" என்றார். அன்றைக்கு நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, அவர் பூட்ஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவதைக் கையிலிருந்து தொடங்கினோம். பட்டாளத்திலிருந்து திரும்பியவர்களைக் கூப்பிட்டு, மெழுகைப் பிடிக்கச் சொல்லி அளவு எடுத்தோம். முதலில் பிடித்தவர், சோதனைக்குச் சுட்டுப் பார்க்கும் எங்கள் சுடுநர் தவமணி. அன்னூர்க்காரர், சிப்பாயாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் பிடிதான் இப்போது காரிக்கும்; அது பெரும்பாலும் அவர் கைதான்.

சமையல் கேஸ் புக் செய்ய வேண்டும்.

ஜனவரி 11

தவமணி காரியில் சுட்டுப் பார்த்தார். துல்லியம் பரவாயில்லை. ஆனால் டிரிகர் இறுக்கம். அழுத்தி முடிப்பதற்குள் குறியைக் கீழே இழுத்துவிடுகிறது.

"பொம்பளைங்க, புதுசா சேர்ற பசங்க எல்லாம் இத இழுக்கமுடியாதுங்க சார்" என்றார். பேசும்போதும் அவருடைய ஆள்காட்டி விரல் டிரிகருக்கு வெளியே, பக்கவாட்டில் நீட்டியே இருந்தது. இவரோடு டீ குடித்தால் டம்ளரையும் அப்படித்தான் பிடிப்பார். வடிவமைப்பில் என்னோடு இருக்கும் நிலோஃபர் அதைச் சொல்லிக் கேலி செய்வாள். "பட்டாளத்துல மொதல் நாளே அடிச்சுச் சொல்லிக் குடுத்ததுங்க அம்மிணி. செத்தாலும் வெரல் உள்ள போகாது" என்பார்.

பிப்ரவரியில் ராணுவத்திலிருந்தும் டெல்லியிலிருந்தும் ஆட்கள் பார்க்க வருகிறார்கள். அதற்குள் டிரிகரை இளக்க வேண்டும்.

ஜனவரி 16

மாட்டுப் பொங்கல். மனைவி சாரதாவின் அண்ணன் குடும்பம் வந்திருந்தது. மச்சான் எல்லோரிடமும் "மாப்பிள்ளை துப்பாக்கி கண்டுபிடிக்கிறாரு" என்றார். மறுக்கவில்லை.

ஜனவரி 24

டிரிகர் ஸ்பிரிங்கை மெலிதாக்கினேன். இப்போது இழுப்பு வெண்ணெய் மாதிரி. தவமணி சுட்ட ஓட்டைகளை ஒரு டீ டம்ளரால் மூடிவிடலாம். முதலாளி வந்து அவரே இரண்டு குண்டு சுட்டுப் பார்த்தார்.

நிலோஃபர் மட்டும் வரைபடத்தை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். எங்கள் குழுவில் அவள்தான் இளையவள். சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகிறது.

"ஸ்பிரிங்கக் கொறச்சா டிரிகர் எடையையும் கொறைக்கணும் சார். இரும்பு டிரிகர், நல்ல கனம். பிஸ்டல் பின்பக்கமா கீழ விழுந்தா, பாடி நின்னுரும், டிரிகர் நிக்காது. தானாவே பின்னால போகும்."

"ஏற்கெனவே விழவச்சுப் பார்த்தோமே, ஒன்றும் ஆகவில்லையே."

"அது பழைய ஸ்பிரிங்ல சார். டிரிகர் மூஞ்சில ஒரு சின்ன நாக்கு மாதிரி வச்சிடலாம். வெரல் அமுக்குனா மட்டும் அது வழி விடும். விழுந்தா விடாது."

அந்த நாக்கு வெளிநாட்டுப் பிஸ்டல்கள் பலவற்றில் இருக்கிறது. அதை வைத்தால் பார்க்க வருகிறவர்கள் மறுபடியும் "இது எங்கோ பார்த்ததாயிற்றே" என்பார்கள். அந்த ஒரு வாக்கியத்தை இன்னொரு தடவை கேட்க என்னால் முடியாது. அடுத்த கட்டத்தில் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். சரியான முடிவுதான். நேரமும் இல்லை.

பிப்ரவரி 9

நாளை வருகிறார்கள். சட்டை இஸ்திரி. காரைக் கழுவக் கொடுத்தேன். மகள் மது, "அப்பா, அது யாரைச் சுடறதுக்கு?" என்று கேட்டாள். நாட்டைக் காக்க என்றேன். "அது தெரியும். யாரை?" என்றாள். பரீட்சைக்குப் படிக்கச் சொன்னேன்.

பிப்ரவரி 10

தவமணிக்கு அடிபட்டுவிட்டது.

பிப்ரவரி 11

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

செட்டிபாளையம் பக்கத்துச் சுடுதளத்தில் வந்தவர்கள் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். காரியைத் தோட்டா ஏற்றியபடியே இடுப்பு உறையில் வைத்துக்கொள்ளலாம், எடுத்த கணத்தில் சுடலாம் என்பதுதான் நாங்கள் பெருமையாகக் காட்ட இருந்தது. தவமணி முதல் சுற்று முடித்தார். எல்லோரும் திரையில் இலக்கைப் பார்த்துக் கை தட்டினார்கள். இரண்டாவது சுற்றுக்குத் தயாரானபோது, உறையின் கொக்கி சரியாக மாட்டவில்லை போலிருக்கிறது, பிஸ்டல் நழுவிச் சிமென்ட் தரையில் விழுந்து வெடித்தது. குண்டு கீழிருந்து மேலே வந்து அவருடைய இடது முழங்காலில் பாய்ந்தது.

விழும்போது பிடிக்கப் போயிருப்பார். யாரும் அப்படித்தான் செய்வார்கள், கை தானாகப் போகும். பிடிக்கப் போனதில் விரல் உள்ளே பட்டிருக்கும்.

நான் அப்போது திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேமராவும் இலக்கைப் பார்த்துத்தான் இருந்தது. போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது.

பிப்ரவரி 12

தண்ணீர்த் தொட்டி கழுவினேன்.

பிப்ரவரி 15

கம்பெனியில் விசாரணை. சுடுதளத்தில் தவமணிக்கு மிக அருகில் நின்றவன் நான்தான். பாதுகாப்பு அதிகாரி கேட்டார்: "அவர் கை பிஸ்டல் பக்கம் போச்சுங்களா?"

"குனிந்த மாதிரி இருந்தது" என்றேன்.

"பிடிக்கறதுக்கா?"

"இருக்கலாம்."

அவர் எழுதும்போது 'இருக்கலாம்' என்பது விழுந்துபோய்விட்டது. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். படித்துப் பார்த்தேன். போட்டேன்.

முதலாளி அறைக்குக் கூப்பிட்டார். கண் கலங்கியிருந்தார். "நல்ல மனுசனுங்க. ஒரு நிமிசம் அசந்துபோட்டாரு. ஆஸ்பத்திரி செலவு பூராவும் நாமளே பாத்துக்கலாம். ஆனா திரும்ப சுடற வேலைக்கு வெக்கமுடியாதுங்களே, ரூல்ஸ் அப்பிடி." அவர் நான் சொன்னதை நம்பித்தான் பேசினார். அதில் அவர்மேல் குறை ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 21

ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆரஞ்சு வாங்கிப் போனேன். முழங்கால் மூட்டு சிதறிவிட்டதாம். நடப்பார், ஆனால் மடக்க முடியாது. மனைவி பூங்கொடி கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தார்.

என்னைப் பார்த்ததும் தவமணி எழுந்திருக்கப் பார்த்தார். நான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"சார், நானும் யோசிச்சு யோசிச்சுப் பாக்கறனுங்க. எனக்கு என்னமோ புடிச்ச ஞாபகமே இல்ல. காதுல மாட்டறத மாட்டீட்டு இருந்த மாதிரிதான் இருக்குது. ஆனா நீங்க பக்கத்துல இருந்து பாத்திருக்கீங்க. நீங்க சொன்னா சரியாத்தானுங்க இருக்கும்."

மறு கையால் ஆரஞ்சுப் பையைக் கட்டிலில் வைத்தேன்.

"இத்தன வருசம் பட்டாளத்துல இருந்துபோட்டு, கடைசியில வெரல உட்டுப்போட்டேன் பாருங்க" என்றார். சொல்லிவிட்டு மனைவி பக்கம் திரும்பவில்லை, சுவரைப் பார்த்தார்.

கையைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றேன். பூங்கொடி ஆரஞ்சு உரித்து எனக்கும் ஒரு சுளை கொடுத்தார்.

மார்ச் 2

நிலோஃபர் என்னிடம் கேட்காமல் ஒரு வேலை செய்திருக்கிறாள். குண்டும் மருந்தும் எடுத்துவிட்ட வெறும் தோட்டாவைக் காரியில் போட்டு, பட்டறைத் தரையில் பின்பக்கமாக விழவைத்துப் பார்த்திருக்கிறாள். அந்தத் தோட்டாவின் அடியில் இருக்கும் சின்னப் பொட்டு மட்டும்தான் வெடிக்கும், ஆளுக்கு ஆபத்தில்லை. பல தடவை ஒன்றும் ஆகவில்லை. ஒரு தடவை வெடித்தது.

"ஒரு தடவைதானே. தரை சமமாக இருந்திருக்காது" என்றேன்.

"தவமணி அண்ணனுக்கும் ஒரு தடவதான் சார்."

கதவைச் சாத்தினேன். அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கோபப்பட ஒரு சாக்காவது கிடைத்திருக்கும்.

"நான் மொதலாளிகிட்ட போகல சார். போனா உங்க மேல கோள் சொன்ன மாதிரி ஆயிரும். இந்த வேலைய நீங்கதான் எனக்குக் கத்துக்குடுத்தீங்க. நீங்களே சொல்லிருங்க."

சொல்கிறேன் என்றேன். விசாரணை அறிக்கையைப் படித்து, கைத்தவறுதான் என்று ராணுவம் எங்களைச் சோதனைக்கு அழைத்துவிட்டது. பிஸ்டல்கள் அதற்குப் போவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

மார்ச் 9

முதலாளியிடம் போனேன்.

"டிரிகரை மாத்திரலாம்னு பார்க்கிறேங்க. சின்னதா ஒரு நாக்கு வைச்சு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எதுக்குங்க? ஏதாச்சும் கோளாறா? இருந்தா சொல்லுங்க, நிறுத்திப்போடலாம். நமக்கு அவசரமே இல்ல."

அவர் அப்படியே சொன்னார். நிறுத்திப்போடலாம் என்று. இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன்.

"கோளாறெல்லாம் இல்லீங்க. பார்க்க இன்னும் நல்லா இருக்கும்னு."

"அட, அழகுக்கா? அப்ப அடுத்த மாடல்ல பண்ணிக்கலாமுங்க."

சரி என்று வந்துவிட்டேன். நிலோஃபரிடம், பேசிவிட்டேன், யோசிக்கிறார் என்றேன்.

மார்ச் 17

சோதனைக்கான ஐந்து பிஸ்டல்களும் முத்திரை வைத்துப் போயின. இனி ராணுவச் சோதனை முடியும்வரை எங்கள் கை அவற்றில் படக்கூடாது. ஒரு திருகைக்கூட மாற்ற முடியாது. மாற்றினால் போட்டியிலிருந்து விலகியதாக ஆகும்.

மாமியாருக்குக் கண் ஆபரேஷன். நல்லபடியாக முடிந்தது.

மார்ச் 30

நிலோஃபர் இப்போது எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. தன் மேசையிலேயே டிபன் பாக்ஸைத் திறந்துகொள்கிறாள். அடுத்த மாடலுக்கு என்று நாக்கு வைத்த டிரிகரை வரைந்துகொண்டிருக்கிறாள். இன்று போகிற போக்கில் பார்த்தேன். நன்றாக வரைந்திருக்கிறாள். இலேசான அலுமினியம், அதில் நாக்கு. ஒரு நாள் வேலைதான். ஜனவரியில் ஒரு நாள் ஒதுக்கியிருக்கலாம்.

ஏப்ரல் 12

தவமணி போன் செய்தார். எடுக்கவில்லை. மறுபடியும் வந்தது. எடுத்தேன்.

அன்னூரில் ஒரு பாங்க் கிளைக்குத் துப்பாக்கிக் காவலர் வேண்டும் என்றார்களாம். உட்கார்ந்து பார்க்கிற வேலை, கால் மடங்காவிட்டாலும் பரவாயில்லை என்றார்களாம். பிறகு எங்கள் கம்பெனியில் விசாரித்திருக்கிறார்கள். அஜாக்கிரதையாகக் கையாண்டு காயம் என்று பதில் போயிருக்கிறது.

"அவிய மேல தப்பு இல்லீங்க சார். அப்பிடிப்பட்ட ஆள யாரு வெப்பாங்க? நீங்க ஒரு வார்த்த, இவரு பொதுவா கவனமான ஆளுதான்னு, சொல்லமுடியுங்களான்னு கேக்கத்தான் கூப்புட்டேன்."

"பார்க்கிறேன் தவமணி."

"சிரமமா இருந்தா வேண்டாமுங்க."

பின்னால் டிவி சத்தம் கேட்டது. யாரோ ஒரு பெரியவர், "யாருடா போன்ல?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லீங்க மாமா" என்று தவமணி சொன்னது கேட்டது. மாமனார் வீட்டோடு இருக்கிறார் போலிருக்கிறது.

ஏப்ரல் 13

பாங்குக்குப் போன் செய்யலாம் என்று நம்பர் எடுத்தேன். கவனமான ஆள் என்றால், பிறகு எப்படி வெடித்தது என்று கேட்பார்களே.

செய்யவில்லை.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. பாயசம். சாரதா, "உங்களுக்கு என்னதான் ஆச்சு? ரெண்டு மாசமா உரலுக்குள்ள பேசற மாதிரி பேசறீங்க" என்றாள். வேலை என்றேன். அவள் நம்பவில்லை. சோதனைக்காகத்தான் கவலைப்படுகிறேன் என்று அவளே சொல்லிக்கொண்டாள். அதை நான் திருத்தவில்லை.

மே 6

பாலைவனம். மூன்று நாளாக இங்கே இருக்கிறேன். கம்பெனி சார்பில் பார்வையாளனாக வந்திருக்கிறேன், தொட அனுமதியில்லை. முதலாளிக்கு ரத்த அழுத்தம், வரவில்லை. இங்கே காற்றும் மணலும் ஒன்றாகவே வருகின்றன. பல் இடுக்கில் மணல்.

சோதனைக் குழுவின் தலைவர் மேஜர் பரூவா, அஸ்ஸாம்காரர். அதிகம் பேசமாட்டார். நான்கு கம்பெனிகளின் பிஸ்டல்கள் வந்திருக்கின்றன. மணலில் புதைத்து எடுத்துச் சுட்டார்கள், சேற்றில் முக்கி எடுத்துச் சுட்டார்கள். காரி ஒரு தடவைகூடத் திக்கவில்லை. மற்ற மூன்றில் இரண்டு திக்கின. மேஜர் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

மூன்று வருடமாக இதற்குத்தான் காத்திருந்தேன். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

சாயங்காலம் நிலோஃபர் கூப்பிட்டாள். "அங்க இருக்கறவங்ககிட்ட சொல்லிட்டீங்களா சார்?"

"நாளைக்கு."

"சரிங்க சார்" என்று வைத்துவிட்டாள்.

மே 7

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் தடை ஓட்டம். வீரர்கள் தோட்டா ஏற்றிய பிஸ்டலை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி, சுவர் ஏறிக் குதித்து, ஊர்ந்து, கடைசியில் எடுத்துச் சுட வேண்டும். விழவைத்துப் பார்க்கும் சோதனை நாளை மறுநாள்தான். அட்டவணை அப்படி.

காரியை வைத்து ஓட வேண்டியவன் நம் ஊர்ப் பையன். முத்திருளன், உசிலம்பட்டிப் பக்கம். நான் தமிழ் என்று தெரிந்ததும் ஓடி வந்தான்.

"சார், இது நீங்க செஞ்சதாமே? பழைய பிஸ்டல் எனக்குப் புடிக்கவே வராது சார், கை சின்னது. இது அப்படியே எனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. யாரு கைய வச்சு சார் அளவெடுத்தீங்க?"

"அன்னூரில் ஒருத்தர்" என்றேன்.

"நல்லாருக்கட்டும் சார் அவரு" என்று சொல்லிவிட்டுப் போய் வரிசையில் நின்றான். உறைக் கொக்கியை மாட்டினான். குதித்துப் பார்த்துக்கொண்டான், ஓட்டத்துக்கு முன்னால் பையன்கள் குதிப்பார்களே, அப்படி. ஒவ்வொரு குதிப்புக்கும் இடுப்பில் பிஸ்டல் ஆடியது. அந்தச் சுவர் ஆள் உயரத்துக்கு மேல். அந்தப் பக்கம் கல் தரை.

நான் மேஜரிடம் போனேன். உண்மையைச் சொல்லத்தான் போனேன் என்று எழுதினால் அது பொய். வாயில் வந்தது இதுதான்: "சார், எங்களுடையதை மட்டும் விழவைக்கும் சோதனையை முதலில் செய்ய முடியுமா?"

"ஏன்?"

"வரிசை மாறினால் நல்லது."

"ஏன்?" என்று மறுபடியும் கேட்டார். அதே குரல்.

விசில் ஊதப்போகிறவன் விசிலை வாயில் வைத்துவிட்டான். "அந்தப் பையனை ஓடவிடாதீர்கள்" என்றேன். அந்த வாக்கியம் முடிந்ததும் எல்லாம் முடிந்துவிட்டது. மேஜர் கையை உயர்த்தினார். முத்திருளன் ஒன்றும் புரியாமல் எங்களைப் பார்த்தான்.

பிஸ்டலை அவனிடமிருந்து வாங்கி, தோட்டாவை எடுத்துவிட்டு, வெறும் பொட்டுத் தோட்டாவைப் போட்டு, இரும்புத் தகட்டின்மேல் பின்பக்கமாக விழவைத்தார்கள். இந்தத் தடவை பல முறை விழவைக்க வேண்டியிருக்கவில்லை. பட்டென்ற சத்தம். சின்னச் சத்தம்தான்.

மேஜர் தகட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "இது முன்பு நடந்திருக்கிறதா?"

"ஆமாம் சார்."

"யாருக்காவது அடி?"

"எங்கள் சுடுநருக்கு. முழங்கால். உறையிலிருந்து விழுந்தது."

"அவர் கை பட்டதா?"

"இல்லை சார். அவருடைய இரண்டு கையும் காதில் இருந்தன. காது மூடியை மாட்டிக்கொண்டிருந்தார். விழுந்த சத்தம்கூட அவருக்குச் சரியாகக் கேட்டிருக்காது."

"நீங்கள் பார்த்தீர்களா?"

"பார்த்தேன். நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்."

மேஜர் அதற்குப் பிறகு என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முத்திருளனைக் கூப்பிட்டுப் போய்த் தண்ணீர் குடிக்கச் சொன்னார். எங்கள் பிஸ்டல்கள் ஐந்தையும் பெட்டியில் வைத்து மூடச் சொன்னார். பிறகு என்னிடம், "என் பையன்கள் மூன்று நாளாக இதை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். நீங்கள் நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள்" என்றார். அவ்வளவுதான். அடுத்த கம்பெனியின் பிஸ்டலை எடுத்துவரச் சொல்லிப் போய்விட்டார்.

முத்திருளன் தண்ணீர் பாட்டிலோடு என்னைத் தாண்டிப் போனான். இப்போது சார் என்று கூப்பிடவில்லை.

மே 10

கோயம்புத்தூர். முதலாளி வீட்டுக்கே போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"மார்ச் மாசம் வந்து டிரிகர மாத்தலாம்னு கேட்டீங்களே, அன்னைக்கு நான் என்ன சொன்னனுங்க?"

"கோளாறு இருந்தா நிறுத்திப்போடலாம்னு சொன்னீங்க."

"சொன்னேன்ல?" என்றார். தன் ஞாபகத்தைச் சரிபார்த்துக்கொள்கிறவர் மாதிரிதான் கேட்டார். "அந்தாள வேலைய உட்டு எடுத்தது நானுங்க. பாங்குக்குப் பதில் போட்டதும் என் ஆபீஸ்தான். உங்க வாயால என் கைய அழுக்காக்கிப்போட்டீங்களே."

காரி சோதனையிலிருந்து நீக்கப்பட்டது. என்னை இன்றோடு வரவேண்டாம் என்றார். விசாரணையில் நான் சொன்னது பொய் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். போலீஸ் ஸ்டேஷனிலும் கொடுக்க வேண்டும் என்றார் கம்பெனி வக்கீல். கொடுத்தேன்.

மே 13

என் பொருட்களை எடுக்கப் போனேன். நிலோஃபர் பழைய வரைபடங்களைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த மாதிரியை அவளிடம் கொடுத்திருக்கிறார்கள். பெயர் வேறு வைக்கப்போகிறார்கள். நாக்கு வைத்த டிரிகர் மேசையில் இருந்தது, முதல் வார்ப்பு. எடுத்து விரலால் அழுத்திப் பார்த்தேன். நாக்கு வழிவிட்டது.

"நல்லா வந்திருக்கு" என்றேன்.

"ஜனவரிலயே வந்திருக்கும் சார்."

அவள் குத்திக்காட்டவில்லை. தேதி சொன்னாள், அவ்வளவுதான்.

"நீயே போய்ச் சொல்லியிருக்கலாம் நிலோஃபர்."

"ஆமா சார். நானும் அதத்தான் தெனம் நெனச்சுக்கறேன். தவமணி அண்ணன் வீட்டுக்கு நேத்து போயிட்டு வந்தேன். என் பங்க நான் சொல்லிட்டேன். மீதிய நீங்க வந்து சொல்லுவீங்கன்னு சொன்னேன்."

மே 14

போகவில்லை. ஸ்கூட்டரில் அவினாசி ரோடு வரை போய்த் திரும்பிவிட்டேன்.

மே 15

சாரதாவிடம் எல்லாம் சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நறுக்கி முடித்துத்தான் பேசினாள். "அவங்க வீட்டுக்குப் போயிட்டு வந்து சாப்பிடுங்க" என்றாள்.

போனேன்.

அன்னூரில் கடைவீதிக்குப் பின்னால் வீடு. தவமணி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இடது காலை நேராக நீட்டி ஒரு முக்காலியில் வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் இந்தத் தடவை எழுந்திருக்கப் பார்க்கவில்லை.

"வாங்க" என்றார்.

நின்றுகொண்டே சொன்னேன். பிஸ்டல்தான் தவறு, டிரிகர் தானாகப் போயிற்று, உங்கள் கை அதில் படவே இல்லை, இரண்டு கையும் காதில் இருந்தன, நான் பார்த்தேன், பார்த்துவிட்டு மாற்றிச் சொன்னேன் என்றேன். வேகமாகச் சொன்னேன். மூச்சு விட்டால் மீதி வராது என்று பயமாக இருந்தது.

அவர் தன் வலது கையைத் தூக்கி விரலைப் பார்த்தார். ஆள்காட்டி விரலை மடக்கி நீட்டினார்.

"நெசமாவே படலீங்களா?"

"படவில்லை."

"நிலோஃபர் அம்மிணி பிஸ்டல் தப்புன்னுதான் சொல்லுச்சு. கை படலைன்னு அதுக்குத் தெரியாதில்ல. அது அங்க இல்லையே." கண்ணைத் துடைத்துக்கொண்டார். சந்தோஷமா, கோபமா, எனக்குத் தெரியவில்லை. பிறகு உள்பக்கம் திரும்பி, "பூங்கொடி, மாமாவயும் கூட்டீட்டு வா" என்று கூப்பிட்டார்.

என்னிடம் சொன்னார்: "எனக்கு மட்டும் தெரிஞ்சாப் பத்தாதுங்க. இத்தன நாளா இவிய மூஞ்சில முழிக்க முடியாம உக்காந்திருக்கறேன். பட்டாளத்துல இருந்தும் துப்பாக்கி புடிக்கத் தெரியாதவன்னு எங்க மாமனார் தோட்டத்துக்கு வர்றவங்ககிட்டயெல்லாம் சொல்லீட்டிருக்காரு. அவருகிட்டயும் சொல்லுங்க. எங்கிட்ட சொன்ன மாதிரியே."

பெரியவர் வந்து வாசலில் கிடந்த கட்டிலில் உட்கார்ந்தார். பூங்கொடி கையில் டீ டம்ளரோடு வந்தார், எனக்காகப் போட்டது. நான் மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். இந்தத் தடவை மெதுவாகத்தான் சொல்ல முடிந்தது. பெரியவர் பாதியிலேயே மருமகனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். என்னைப் பார்க்கவில்லை. எழுந்து போய், தவமணியின் தோள்மேல் கை வைத்துக்கொண்டு நின்றார்.

பூங்கொடிதான் கேட்டார். டம்ளர் இன்னும் அவர் கையிலேயே இருந்தது.

"ஆஸ்பத்திரிக்கு வந்தீங்களே. இவரு கையப் புடிச்சுட்டு நின்னீங்களே. அப்பவே தெரியுங்களா?"

"தெரியும்."

"இவரு அழுதாரே, வெரல உட்டுப்போட்டேன்னு. அப்பவும் தெரியும்."

"தெரியும்."

அவர் டம்ளரைத் தரையில் வைத்தார். என் பக்கம் நகர்த்தவில்லை.

பாங்குக்கு நானே நேரில் போய் எழுதிக் கொடுக்கிறேன், விசாரணையில் மாற்றி எழுதிக் கொடுத்தாயிற்று, போலீசிலும் கொடுத்தாயிற்று என்றேன். "குடுங்க" என்றார் தவமணி. அதில் நன்றியும் இல்லை, சண்டையும் இல்லை. செய்ய வேண்டியதைச் செய்யச் சொல்வதுபோல் இருந்தது.

எல்லாம் சொல்லி முடிந்தது. கொஞ்ச நேரம் நின்றேன். எதற்காக நின்றேன் என்று எனக்கே தெரியும். மன்னிப்பு என்ற சொல்லை நான் சொல்லவும் இல்லை, அவர்கள் சொல்லவும் இல்லை.

"வரட்டுங்களா?" என்று கேட்டேன்.

தவமணி என்னை நிமிர்ந்து பார்த்தார். எத்தனையோ நாள் சுடுதளத்திலிருந்து சேர்ந்து கிளம்பியிருக்கிறோம். ஒவ்வொரு நாளும் அவர் "போயிட்டு வாங்க" என்பார். அதைச் சொல்ல வாயெடுத்தது போலத்தான் இருந்தது.

"போங்க" என்றார்.